காபிக்கடையில் கூடும் சபை: இங்கிலாந்தில் உள்ள தமிழ் ஐக்கியங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் நகரங்களில் ஞாயிறு காலை ஆங்கில ஆராதனை முடிந்து ஆலயம் காலியான பிறகு, அதே கட்டடத்தையோ அதன் பக்கத்து மண்டபத்தையோ பிற்பகலில் வாடகைக்கு எடுத்துக் கூடும் தமிழ் ஐக்கியங்கள், அதாவது தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக் குழுக்கள், பல. அந்த மண்டபத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவர்களே. முதியோர் இல்லத்தில் இரவுப்பணி பார்க்கும் செவிலியரும், படிக்க வந்து தனி அறையில் தங்கியிருக்கும் மாணவரும், எப்போதோ ஒரு மனவருத்தத்தில் சபையைவிட்டு விலகிய குடும்பத் தலைவரும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரத் தயங்குகிறார்கள். கடைத்தெருவில் ஒரு காபிக்கடை மேசையைச் சுற்றி உட்கார அவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. மாதம் ஒருமுறை அப்படியொரு கூட்டத்தை நடத்த விரும்பும் ஐக்கியங்களுக்காக, நான்கு ஆண்டுகள் அத்தகைய கூட்டம் ஒன்றில் மேசை போட்டுப் பணிசெய்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. மண்டபத்தில் வாடகை கொடுத்துவிட்டால் சில மணிநேரத்துக்கு அந்த இடம் நம்முடையது. காபிக்கடையில் நாம் விருந்தாளிகள். இதன்பின் வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

பழைய வழக்கம்தான்

"கோயில் இருக்கக் கடையில் என்ன ஆராதனை?" என்று ஐக்கியத்தின் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பக்தி இருக்கிறது; அதற்கு மரியாதையான விடை தர வேண்டும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் கூடிய சபையையும், பிலேமோனின் வீட்டில் கூடிய சபையையும் பவுலின் நிருபங்கள் வாழ்த்துகின்றன. எபேசு பட்டணத்தில் ஜெப ஆலயத்தைவிட்டு விலக நேர்ந்தபோது, திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையிலே பவுல் அன்றாடம் சம்பாஷித்துவந்தார் என்றும், அது இரண்டு ஆண்டுகள் நீடித்தது என்றும் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் சொல்கிறது. பிரசங்கித்தார் என்னாமல் சம்பாஷித்தார் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்வதைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இருவர் பேச இருவர் கேட்கும் பேச்சு அது. காபிக்கடையில் நடக்கக்கூடியதும் அதுதான்.

சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் உள்ள தூரா யூரோப்போஸ் நகரில், ஏறத்தாழ கி.பி. 240ஐ ஒட்டிக் கிறிஸ்தவர் கூடுமிடமாக மாற்றப்பட்ட ஒரு குடியிருப்பு வீட்டை 1930களில் அகழ்ந்தெடுத்தார்கள். ஞானஸ்நானத் தொட்டி உள்ள அறையும், நடுச்சுவரை நீக்கிப் பெரிதாக்கிய கூடமும் அதில் இருந்தன. இங்கிலாந்தின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. அரசுத் திருச்சபைக்கு வெளியே, வீட்டார் தவிர ஐந்து பேருக்கு மேல் வழிபாட்டுக்குக் கூடுவதை 1664ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1689ஆம் ஆண்டுச் சகிப்புச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியபோது ஒரு நிபந்தனை விதித்தது: கூட்டம் நடக்கும்போது கதவு பூட்டியோ தாழிட்டோ இருக்கக் கூடாது. சந்தேகத்தால் பிறந்த நிபந்தனைதான் என்றாலும், கடையில் கூடுகிறவர்கள் அதைத் தாமாகவே மேற்கொள்ளலாம் என்று நான் எண்ணுகிறேன். எங்கள் கூட்டத்தில் கதவு கடைசிவரை திறந்தே இருந்தது. தேநீர் வாங்க வந்து, என்ன நடக்கிறது என்று கேட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு.

1739இல் மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடி ஜான் வெஸ்லி பிரிஸ்டலில் திறந்த வெளியில் பிரசங்கிக்கத் தொடங்கியதும், அதே ஆண்டில் லண்டனில் பீரங்கி வார்த்த பழைய பட்டறை ஒன்றைக் கூடுமிடமாக்கிக்கொண்டதும் இந்த வரிசையில் சேரும். நம் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை 2004இல் வெளியிட்ட ஓர் அறிக்கைக்குப் பின், கஃபே, பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம் ஆகியவற்றில் கூடும் சபைகளுக்குத் திருச்சபையே ஊக்கம் தரத் தொடங்கியது. கத்தோலிக்கரிடையே 1981இல் சிகாகோ உயர்மறைமாவட்டத்தில் இளைஞருக்காகத் தொடங்கிய மதுக்கூட உரையாடல்கள் பல நாடுகளுக்குப் பரவின.

முதற்படி: யாருக்காக என்று தீர்மானித்தல்

ஐக்கியத்தின் பொறுப்பாளர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து, வர வேண்டும் என்று தாங்கள் ஜெபிக்கும் பத்துப் பேரை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களின் வேலை நேரம் என்ன, பிள்ளைகள் உண்டா, தமிழ் வாசிப்பார்களா, வாழ்க்கைத்துணை தமிழரா என்பதையெல்லாம் பேசிய பிறகுதான் இடமும் நாளும் முடிவாக வேண்டும். சபையில் ஏற்கெனவே உள்ள முப்பது பேரும் ஆவலாகப் புறப்பட்டு வந்து எல்லா நாற்காலிகளையும் நிரப்பிவிடுவது இத்தகைய முயற்சிகளைச் சத்தமின்றிக் கெடுக்கும் காரணம். ஒரு மேசைக்கு ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் போதும். மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தாலும் பொறுத்திருக்க வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு முதல் மூன்று மாதமும் வெளியிலிருந்து வந்தவர்கள் மொத்தம் நால்வர்.

இரண்டாம் படி: திருச்சபையின் இசைவு

எந்தச் சபைப் பிரிவைச் சேர்ந்தவர்களாயினும் ஆயரிடமோ மூப்பர்களிடமோ முதலிலேயே பேசிவிடுங்கள். அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து பற்றிய கேள்வி இங்கே எழும். இங்கிலாந்துத் திருச்சபையின் பி 40 என்னும் நியதிப்படி, வழிபாட்டுக்கெனப் பிரதிஷ்டை செய்யப்படாத அல்லது உரிமம் பெறாத இடத்தில் திருவிருந்து பரிமாற, நோயாளியின் வீடு போன்ற விலக்குகள் தவிர, பேராயரின் அனுமதி தேவை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 932ஆம் பிரிவும், அவசியம் நேர்ந்தாலன்றித் திருப்பலி தூய இடத்திலேயே ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் இத்தகைய எழுத்து விதி இல்லாவிட்டாலும் போதகரின் மனம் அறிந்து நடப்பது நல்லது.

என் கருத்தைக் கேட்டால், காபிக்கடையில் திருவிருந்து வேண்டாம் என்பேன். அப்பமும் இரசமும் அங்கே தகாதவை என்பதால் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரையும், விசுவாசம் இன்னும் துளிர்க்காத நம் மேசை விருந்தினரையும் அது வெளியாளாக்கிவிடும். அவர்களைப் பார்த்திருக்க வைத்துவிட்டு நாம் மட்டும் புசிப்பதில் எனக்கு மனமில்லை.

மூன்றாம் படி: இடத்தைத் தேர்தல்

இதற்கு அவசரப்படாமல் ஒரு மாதம் செலவிடுங்கள். பார்த்துவைத்த ஒவ்வொரு கடையிலும் நீங்கள் கூட நினைக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் இருவர் போய் ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். படி இல்லாமல் சக்கர நாற்காலி உள்ளே வருமா, கழிவறை எந்த மாடியில் இருக்கிறது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேளுங்கள். காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் பத்து விநாடி உறுமும். பால் நுரைக்கும் குழாய் அதைவிட நீளமாகச் சீறும். கோப்பைகளை அடுக்கும் ஒலி இடைவிடாது வரும். கூரை உயரமாகவும் தரை ஓடாகவும் இருந்தால் எட்டுப் பேர் பேசுவதே சந்தை இரைச்சலாகிவிடும். மரத்தரையும் திரைச்சீலையும் உள்ள சிறிய கடைகளே சம்பாஷணைக்கு ஏற்றவை.

பப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலேயரிடையே பப் என்பது குடிக்குமிடம் மட்டுமன்று, ஊரின் திண்ணையும் அதுவே. ஷெஃபீல்டு நகரின் வடமேற்கே உள்ள கிராமங்களில் நவம்பரில் வரும் நினைவு ஞாயிறு தொட்டுக் கிறிஸ்துமஸ் வரை மக்கள் பப்களில் கூடி உள்ளூர்க் கிறிஸ்துமஸ் பாடல்களை நாலு குரலில் பாடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆலயங்கள் இசைமுறையைச் சீர்திருத்தியபோது ஓரங்கட்டப்பட்ட பாடல்கள் அங்கே பிழைத்துக்கொண்டன. மதுவைத் தொடாத இரட்சணிய சேனையாரும் (சால்வேஷன் ஆர்மி) தங்கள் பத்திரிகையை விற்கப் பப்களுக்குள் போய்வந்தவர்களே. ஆகவே பப்பில் கூடும் ஆங்கிலச் சபையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆயினும் தமிழ் ஐக்கியத்துக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குடியால் சிதைந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளும், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அந்த வாசனைக்குள் உட்காரச் சொல்வது விருந்தோம்பல் ஆகாது.

நேரத்தைப் பொறுத்தவரை, கடை சும்மா இருக்கும் வேளையே நம் வேளை. திறன்னுவின் வித்தியாசாலை பற்றிய வசனத்தில் சில பழைய கைப்பிரதிகள், பகல் பதினொன்று முதல் நான்கு மணி வரை பவுல் பேசினார் என்று கூடுதலாகச் சொல்கின்றன. ஊரார் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும் நேரம் அது. காபிக்கடைக்கு அப்படிப்பட்ட வேளை மாலை ஐந்து மணிக்குமேல் வருகிறது.

நான்காம் படி: உரிமையாளரோடு பேசுதல்

மின்னஞ்சல் வேண்டாம், நேரில் போங்கள். கடை நெரிசலாக உள்ள நேரத்தைத் தவிர்த்து, ஒரு காபி வாங்கிக்கொண்டு, நாங்கள் கிறிஸ்தவர்கள், வேதத்தைப் பற்றிப் பேசவும் ஜெபிக்கவும் கூடுவோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். "நண்பர்கள் சந்திப்பு" என்று மூடிச் சொல்லிவிட்டுப் பிறகு பாடத் தொடங்குவது பொய்க்குச் சமம்; அதன்மேல் எதுவும் கட்ட முடியாது.

பிறகு பேச வேண்டியவை பணமும் உழைப்பும். மாலைக்கு இவ்வளவு என்று வாடகையா, அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு தொகைக்கு வாங்குவோம் என்ற உறுதியா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். ஆள் குறைந்த மாதத்தில் மீதத்தை ஐக்கியத்தின் நிதியிலிருந்து கட்டிவிடலாம், கடைக்காரருக்கு நட்டம் வராது. கூடுதல் நேரம் நிற்கும் பணியாளரின் சம்பளம் யாருடையது, கோப்பைகளை யார் கழுவுவது, சாவி யாரிடம் இருக்கும் என்பவையும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். முதல் மாலையில் மேசை நாற்காலிகளைத் தொடுமுன் கைபேசியில் நான்கு புறமிருந்தும் படம் எடுத்துவையுங்கள். போகும்போது அதைப் பார்த்தே அடுக்கிவைக்கலாம். பணியாளர்களின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது ஒரு வேலைநாள். அவர்களிடம் துண்டுப்பிரதியை நீட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: சட்டமும் பாதுகாப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மத வழிபாட்டின் பொருட்டு நிகழும் இசை, 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட கேளிக்கையாகக் கருதப்படாது. பாடல் வரிகளை அச்சடிக்கவோ திரையில் காட்டவோ பதிப்புரிமை அனுமதி வேண்டும். பல சபைகள் அதைச் சி.சி.எல்.ஐ. என்னும் கிறிஸ்தவப் பாடல் பதிப்புரிமை நிறுவனத்தின் உரிமத்தின் வழியே பெறுகின்றன, உங்கள் உரிமம் கடையில் நடக்கும் கூட்டத்துக்கும் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். 1864இல் மறைந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை வரிகளுக்கு அந்தக் கவலை இல்லை. சபையின் பொதுப்பொறுப்புக் காப்பீடு வெளியிடக் கூட்டங்களையும் உள்ளடக்குகிறதா என்பதை எழுத்தில் பெறுங்கள். பிள்ளைகளைத் தனியே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், சபையின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கேட்டு, உரிய டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச்) சரிபார்ப்பு முடித்தவர்களையே நியமியுங்கள். வருகிறவர்களின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ள விரும்பினால் கவனம் தேவை: ஒருவரின் மத நம்பிக்கை பற்றிய தகவல் இந்நாட்டுச் சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது, அவர் சம்மதித்து எழுதிக்கொடுத்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பலகாரம் கொண்டுவர ஆசை வரும். கடைக்காரர் இசைந்தால் மட்டுமே கொண்டுவர வேண்டும். பிரிட்டன் சட்டம் பட்டியலிடும் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் எள்ளும் நிலக்கடலையும் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. தாளித்த சுண்டல், எள்ளுருண்டை, கடலைமிட்டாய் மூன்றுமே அதில் அகப்பட்டுவிடும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதித் தட்டின் அருகே வையுங்கள்.

ஆறாம் படி: மாலையை நடத்துதல்

எங்கள் முதல் மாலையில் நாங்கள் செய்த பிழையைச் சொன்னால் இந்தப் படி விளங்கும். மண்டபத்துப் பழக்கத்தில் ஒலிபெருக்கியும் கீபோர்டும் கொண்டுபோனோம். சாளரத்தருகே ஒரு முதியவர் செய்தித்தாளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முதல் பாடலின் இரண்டாம் சரணத்தில் அவர் செய்தித்தாளை மடித்து, பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எங்களில் யாரும் அவரை வெளியேற்ற நினைக்கவில்லை, ஆனால் வெளியேற்றிவிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து ஒலிபெருக்கி வீட்டிலேயே இருந்தது.

அதன்பின் படிந்த ஒழுங்கு இதுதான். ஐந்து மணி முதல் அரைமணி நேரம் வருகிறவர்கள் வேண்டியதை வாங்கிக்கொண்டு உட்காருவார்கள்; பணம் இல்லாத மாணவர்கள் சங்கடப்படாதபடி, கேட்பவருக்குக் கொடுங்கள் என்று பணியாளரிடம் முன்கூட்டியே ஒரு தொகை தந்துவைத்திருப்போம். மேசைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஏழாவது ஆள் வந்துவிட்டால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு மேசையிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கேள்வி எழுதிய அட்டை இருக்கும். கேள்வி வாழ்க்கையிலிருந்து வர வேண்டும், சரியான விடை என்று ஒன்று அதற்கு இருக்கக் கூடாது. இயேசு தாமாகவே விருந்தாளியாகப் போன ஆயக்காரன் சகேயுவின் வரலாற்றை எடுத்த மாலையில், "நீங்கள் அழைக்காமலே ஒருவர் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்ததுண்டா? அன்று என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டிருந்தோம். பக்கத்துத் தெருவிலிருந்து வந்த அம்மா ஒருவர், யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு இருந்த மாவில் ரொட்டி தட்டிக்கொடுத்த இரவைச் சொன்னார். வசனத்தை வாசிக்குமுன்பே அந்த மேசை சகேயுவின் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதன்பின் ஒருவர் வேதபகுதியை வாசிப்பார். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் எட்டாது. எளிய மொழிபெயர்ப்பையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே வைத்திருங்கள். பேசுகிறவருக்குப் பன்னிரண்டு நிமிடம். உட்கார்ந்தே, சாதாரணக் குரலில், குறிப்புத்தாள் ஒன்றோடு பேச வேண்டும். நடுவில் வாடிக்கையாளர் வந்து காபி கேட்டால் இயந்திரம் உறுமும், குழாய் சீறும். அந்த நேரம் பேச்சாளர் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தி அந்த ஒலியை வெல்லப் பார்ப்பது, வீட்டுக்காரரின் பேச்சை விருந்தாளி அடக்குவது போன்றது. பிறகு இருபது நிமிடம் மேசைகளில் பேச்சு. மேசைக்குப் பொறுப்பானவர் குறைவாகப் பேசி, நிறையக் கேட்பவராக இருக்க வேண்டும். வசனங்களை அடுக்கி விவாதத்தில் வெல்லும் திறமை இங்கே உதவாது.

பாடல் ஒன்று போதும். கடையில் வேறு வாடிக்கையாளர் இருந்தால் அதையும் விட்டுவிடலாம். ஜெபம் சத்தமாக, எழுந்து நின்று, எல்லாரும் ஒரே நேரத்தில் செய்யும் வழக்கம் உள்ள ஐக்கியங்களுக்கு இதுவே மிகக் கடினமான பகுதி. சிறு தாள்களில் ஜெபக்குறிப்புகளை எழுதிக் கவிழ்த்துவைக்கச் சொல்லி, ஒருவர் இரண்டு நிமிடம் மெல்லிய குரலில் ஜெபித்து முடிப்பதை நாங்கள் பழகிக்கொண்டோம். பெயர் இல்லாத அந்தத் தாள்களில், மண்டபத்துச் சாட்சி நேரத்தில் ஒருநாளும் வெளிவராத துயரங்கள் வந்தன: விசா நிராகரிப்பு, கணவனின் கைநீட்டல், ஊரில் இறந்த தாயின் அடக்கத்துக்குப் போக முடியாமை. அந்தத் தாள்களைக் கடையின் குப்பைக்கூடையில் போடாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கிழித்துவிடுங்கள். காணிக்கைத் தட்டு எடுக்கக் கூடாது. அவர்கள் வாங்கிய காபிக்கு அவர்களே விலை கொடுத்துவிட்டார்கள்.

ஏழாம் படி: மறுநாள் முதல் அடுத்த மாதம் வரை

வந்தவர்களை ஞாயிறு ஆராதனைக்கு இழுத்துவரும் தூண்டிலாக இந்த மாலையை நினைத்தால் அவர்கள் இரண்டாம் மாதமே உணர்ந்துகொள்வார்கள். சிலர் வருவார்கள், சிலருக்குக் காபிக்கடை மேசையே நெடுநாள் சபையாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கும் மேய்ப்பு வேண்டும்: நோயில் மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கவும், தேவைப்பட்டால் குடும்ப வன்முறை உதவி எண்ணை எடுத்துத் தரவும், ஞானஸ்நானம் கேட்டால் ஆயரிடம் அழைத்துப்போகவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கூட்டத்தின் படங்களை வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள். வேறு மதக் குடும்பத்திலிருந்து வந்து உட்கார்ந்தவருக்கு ஒரு படமே வீட்டில் பெரும் தொல்லையாகிவிடலாம்.

எட்டாம் படி: இடத்தைவிட்டுப் போக நேர்ந்தால்

ஆண்டுக்கு ஒருமுறை உரிமையாளரைத் தனியே சந்தித்து, எங்களால் உங்களுக்குத் தொல்லை உண்டா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கடை கைமாறவும் கூடும். எங்கள் நான்காம் ஆண்டில் கடையை வாங்கியவர் மதக் கூட்டங்கள் வேண்டாம் என்று பணிவாகவே சொன்னார். அவருடைய கடை அது, நாங்கள் வாதிடவில்லை. கடைசி மாலையில் அவரையும் ஒரு காபிக்கு உட்கார வைத்தோம். கோப்பைகளைக் கழுவித் துடைத்து, முதல் மாலையில் எடுத்த படத்தைக் கைபேசியில் திறந்துவைத்து நாற்காலிகளை அடுக்கினோம். சாளரத்தருகே இருந்த மேசையை இருந்த இடத்திலேயே வைத்து, அந்த மாதக் கணக்கைத் தீர்த்து, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.